தளம் மாற்ற விண்ணப்பம்

மார்ச் 3, ஞாயிறு

சங்கக் கூட்டம் முடிந்தது. பதினெட்டு வீட்டில் பதினோரு வீட்டார் வந்தார்கள். வடவள்ளியில் எங்கள் அடுக்ககம் கட்டி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. தரைத்தளம், மேலே இரண்டு தளம், லிப்ட் கிடையாது. ஆளாளுக்குப் பழைய மொசைக்கைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ், மரப்பலகை என்று போட ஆரம்பித்ததும் கீழ்வீட்டுக்காரர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளும் நிலைமை வந்துவிட்டது. அதற்காகத்தான் இந்த விதிகள்.

பெங்களூரில் ஏதோ ஒரு அடுக்ககத்தின் ஆங்கில விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்றார் பொருளாளர் குமாரசாமி. நான் விடவில்லை. முப்பத்தைந்து வருடம் பத்திரப்பதிவுத் துறையில் குப்பை கொட்டி, சார்பதிவாளராக ஓய்வு பெற்றவன் செயலாளராக இருக்கும்போது எதற்கு இரவல் சரக்கு? எல்லாவற்றையும் நானே தமிழில் எழுதியிருந்தேன். கீழ்வீட்டாரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். புதுத் தளத்துக்கு அடியில் ஐந்து மில்லிமீட்டர் ரப்பர் விரிப்பு வேண்டும். வேலை நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து. இவற்றோடு ஒலிச் சோதனை. மேல்வீட்டில் இடுப்பு உயரத்திலிருந்து எவர்சில்வர் டம்ளரைப் போட வேண்டும், கீழே நின்றால் கேட்கக் கூடாது. இந்தச் சோதனை என் சொந்தக் கண்டுபிடிப்பு.

விண்ணப்பப் படிவத்துக்கு ‘தளம் மாற்ற விண்ணப்பம்’ என்று தலைப்பு வைத்தேன். “டைல்ஸ் மாத்தறதுன்னு போட்டாப் போதாதுங்களா?” என்றார் குமாரசாமி. பளிங்கு போடுகிறவன், பலகை போடுகிறவன் எல்லாம் தப்பித்துவிடுவான் என்றேன். “அப்ப தரைன்னு போடுங்க.” தரை என்றால் மண். கட்டடத்தில் இருப்பது தளம். பத்திரத்தில் ஒரு சொல் பிசகினால் சொத்தே கைமாறிவிடும் என்று நான் விளக்கியதும் அடங்கினார்.

வீட்டுக்கு வந்து சாரதாவிடம் சொன்னேன். “ரிட்டயர் ஆகி எட்டு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் உங்க மூஞ்சில களை வந்துருக்குது” என்றாள்.

மார்ச் 5, செவ்வாய்

காலை 6.10 முதல் 6.50 வரை மேல்வீட்டில் சத்தம். டக், பிறகு ஒரு இழுப்பு. டக், இழுப்பு. எண்ணிப் பார்த்தேன், 212 டக். நேற்று 198.

மேலே ஏழாம் எண் வீட்டில் இருப்பது லோகநாயகி டீச்சர், பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். அவர் கணவர் கதிர்வேலுக்குத் தை மாதம் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பம்ப் பட்டறையில் போர்மேனாக இருந்த ஆள், ஐம்பத்தாறு வயதுதான். வாக்கர் வைத்து நடை பழகுகிறார். எனக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் 212!

பால்காரர் இன்று வரவில்லை.

மார்ச் 8, வெள்ளி

முதல் விண்ணப்பம் வந்துவிட்டது, அதுவும் மேல்வீட்டிலிருந்தே. பள்ளிக்குப் போகும் அவசரத்தில் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருக்கிறார் டீச்சர். நல்ல கையெழுத்து. ஆனால் நிரப்பியிருக்கும் லட்சணத்தைப் பார்த்தால் இவரிடம் பிள்ளைகள் என்ன படிக்கும் என்று கவலையாக இருக்கிறது.

தற்போதுள்ள தளம்: முதல் தளம்.
மாற்றாகக் கோரும் தளம்: தரைத்தளம்.
காரணம்: கணவரால் தற்போதுள்ள தளத்தில் நடமாட முடியவில்லை. தினமும் வெளிக்காற்றில் நடக்க வேண்டும் என்பது மருத்துவர் கருத்து.

முதல் தளமாம்! முதன்முதலில் போட்ட தளம், அதாவது மொசைக் என்று சொல்ல வருகிறார். ‘தரைத்தளம்’ என்றால் தரையில் பதிக்கிற தளம் என்றாகிறது. பின்னே சுவரிலா பதிப்பார்கள்? என்ன வகை, என்ன கனம் என்று ஒரு விவரமும் இல்லை. வெளிக்காற்றுக்கும் தளத்துக்கும் என்ன சம்பந்தம் என்றும் புரியவில்லை. இரண்டு இடத்தில் சிவப்பு மையால் கோடிட்டு வைத்தேன்.

காரணம் நியாயமானதுதான். மொசைக் வழுக்கும். கீழ்வீட்டார் சம்மதம் என்ற இடத்தில் நானேதான் கையெழுத்துப் போட வேண்டும், யோசித்துச் செய்யலாம்.

மார்ச் 9, சனி

பதில் கடிதம் தட்டச்சு செய்தேன். விதிகளின் நகலை இணைத்தேன். ஏழாவதாக ஒரு விதியைச் சேர்த்திருக்கிறேன்: ‘மனு நிலுவையில் உள்ள காலத்தில், மனுதாரர் வீட்டில் தரையைத் தட்டுதல், பொருள்களை இழுத்தல் முதலிய, கீழ்வீட்டாருக்குக் கேட்கக்கூடிய செயல்கள் யாவும் நிறுத்தி வைக்கப்பட வேண்டும்.’ இது கூட்டத்தில் நிறைவேறியதில்லை. ஆனால் நிறைவேறியிருக்க வேண்டியது.

“இதெதுக்குங்க புதுசா?” என்றாள் சாரதா. சோதனைக்கு முன் ஒரு அமைதிக் காலம் இருந்தால்தான் வித்தியாசம் தெரியும் என்றேன். அவள் கீரை ஆயப் போய்விட்டாள்.

மார்ச் 11, திங்கள்

மாலையில் டீச்சர் வந்தார், கையில் என் கடிதம். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார்.

“சார், இந்த ஏழாவது விதிங்க… அவரு நடக்கறதும் இதுல சேருதுங்களா?”

“வாக்கரைத் தட்டித் தட்டித்தானே நடக்கறாரு. சேரும்.”

“பாத்ரூமுக்குப் போறதெல்லாம்…”

“அதெல்லாம் மெதுவாப் போனாப் போதும். காலையில அந்த எக்சர்சைஸ் மட்டும் வேண்டாம். மனு முடியற வரைக்கும்தான்.”

“எத்தனை நாளுங்க ஆகும்?”

“பதினஞ்சு நாள்.”

கடிதத்தை மடித்துக்கொண்டார். பிறகு, “சரிங்க சார். மாத்திட்டோமுன்னா அப்புறம் எங்களால உங்களுக்குத் தொந்தரவே இருக்காதுங்க” என்றார்.

“அதுக்குத்தான டீச்சர் விதி வெச்சிருக்குது” என்றேன். “ரப்பர் விரிப்பு அஞ்சு எம்எம். அதைக் கண்டிப்பாப் பாப்பேன்.”

“அதும் போடோணுங்களா? இப்பவேங்களா?”

“முதல்ல ரப்பர், அப்புறம்தான் மத்ததெல்லாம்.”

தலையை ஆட்டிவிட்டுப் போனார். விதியை மதிக்கிற மனுஷி. இப்படி நாலு பேர் இருந்தால் சங்கம் உருப்படும்.

மார்ச் 12, செவ்வாய்

சத்தம் இல்லை.

மார்ச் 14, வியாழன்

சத்தம் இல்லை. எவ்வளவு நிம்மதி! பேப்பரை ஒரு வரி விடாமல் படித்தேன். தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்தது. பூந்தொட்டியில் எறும்பு, மஞ்சள்தூள் போட்டிருக்கிறேன்.

சாரதா குழம்பு எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டு வந்தாள். “அவரு செவுத்தப் பாத்துப் படுத்துட்டே இருக்கறாருங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பறதில்ல” என்றாள். நான் வேறு வேலையில் இருந்தேன்.

மார்ச் 18, திங்கள்

கதிர்வேலின் பட்டறைக் கூட்டாளிகள் மூன்று பேர் ரப்பர் சுருள்களைத் தோளில் சுமந்து ஏற்றினார்கள். பம்பில் தண்ணீர் கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கெட்டை வெட்டுகிற கறுப்பு ரப்பர். ஸ்கேல் எடுத்துப்போய் அளந்தேன், சரியாக ஐந்து மில்லிமீட்டர். பழைய மொசைக்கின் மேலேயே விரித்து ஓரங்களைப் பசை போட்டு ஒட்டினார்கள். மொசைக்கைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதுத் தளம் போடப்போகிறார்கள் போலிருக்கிறது. இப்போது அதுதான் வழக்கம் என்று கேள்வி.

கதிர்வேல் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். “எப்படி இருக்கீங்க?” என்றேன். அவருக்குப் பேச்சு குழறுகிறது. “நான்… நடக்கலீங்க” என்றார். “நல்லது” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். வாய் தவறி வந்துவிட்டது.

மார்ச் 21, வியாழன்

டீச்சர் மறுபடியும் வந்தார். “முப்பத்தொண்ணாந்தேதிக்குள்ள லெட்டர் கெடைச்சாத் தேவலைங்க சார். அதுக்கு மேல காத்திருக்க மாட்டேங்கறாருங்க அவரு. வேற ஆளு ரெண்டு மூணு பேரு கேட்டுட்டு இருக்கறாங்களாம்.”

கொத்தனாரைச் சொல்கிறார். இப்போது நல்ல கொத்தனார் கிடைப்பது குதிரைக்கொம்புதான். “அவங்க அப்படித்தான் டீச்சர் அவசரப்படுத்துவாங்க. நாம அவசரப்பட்டா ஏமாந்துருவோம். சோதனை முடியட்டும்” என்றேன்.

அவர் போன பிறகு சாரதா கேட்டாள்: “ஏனுங்க, அந்தம்மா இத்தனை தடவை வந்துச்சே, டைல்ஸுன்னு ஒரு வார்த்தை சொல்லுச்சா?”

“பின்ன எதைப் பத்திப் பேசறாங்க?”

“அதான் எனக்குந் தெரியல.”

இவளுக்கு எதிலும் சந்தேகம். கல்யாணத்தன்றே என் ஜாதகத்தில் சந்தேகம் கேட்டவள்.

மார்ச் 23, சனி

ஒலிச் சோதனை. சரியாகப் பதினோரு மணிக்கு நான் எங்கள் கூடத்தில் பேனாவும் தாளுமாக நின்றேன். சாரதா மேலே போய் டீச்சரை டம்ளர் போடச் சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகக் குரல் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

“போட்டாச்சு!” என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. “மறுக்கா போடச் சொல்லு!” மறுபடி போட்டார்கள். இல்லை. சொம்பைப் போடச் சொன்னேன். லேசாக ஏதோ கேட்ட மாதிரி இருந்தது, அது பக்கத்து வீட்டுக் குக்கர். அற்புதமான ரப்பர்!

மேலே போய்ப் பாராட்டினேன். “ஆனா ஒண்ணு டீச்சர், தளம் மாத்துன பொறவும் ஒருக்கா சோதனை உண்டு.”

“அங்கயுமுங்களா?” என்றார். “அங்க கீழ யாருமே இல்லீங்களே சார்.”

எனக்குச் சுருக்கென்றது. கீழே யாரும் இல்லையாம்! குத்துக்கல்லாட்டம் நான் ஒருத்தன் இருக்கிறேனே, நான் மனுஷனாகத் தெரியவில்லையா? பெண்பிள்ளையிடம் என்ன சண்டை என்று பேசாமல் வந்துவிட்டேன்.

பொருளாளரும் கையெழுத்திட வேண்டும். குமாரசாமி பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்து போயிருக்கிறார். அங்கிருந்து உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு, அடுத்த மாதம் ஒன்றாம் தேதிதான் திரும்புவார்.

மார்ச் 30, சனி

டீச்சர் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வந்தார். “உங்க கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்தாக்கூட போதுமுங்க சார். நாளைக்குக் கடைசி நாளுங்க.” ஒரு கையெழுத்தோடு கொடுக்கிற கடிதம் செல்லாது என்று எடுத்துச் சொன்னேன். கண் கலங்கின மாதிரி இருந்தது. ஒரு கொத்தனாருக்காகவா அழுவார்கள்? கணவர் நிலைமையில் மனசு நொந்திருப்பார்.

ஏப்ரல் 1, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குமாரசாமி காலையில் வந்ததும் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, அனுமதிக் கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று கிளம்பினேன். எங்கள் தரைத்தளத்திலேயே நாலாம் எண் வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றது. அந்த வீடு மாசியிலிருந்து காலி, உரிமையாளர் மஸ்கட்டில். நீளப் பெஞ்சுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். டியூஷன் சென்டர் வருகிறதாம்.

டீச்சர் படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் போகவில்லை. “இந்தாங்க டீச்சர், அனுமதி” என்று நீட்டினேன். வாங்கி முழுவதும் படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“தளத்துக்கான கல் வந்து இறங்கும் நாளை முன்கூட்டியே தெரிவிக்கவும்னு போட்டிருக்குதே சார். எந்தக் கல்லுங்க?”

“நீங்க போடப்போற கல்லுதான். டைல்ஸோ, கிரானைட்டோ…”

“நாங்க எதுக்குங்க கல்லு போடறோம்?”

“தளம் மாத்தறதுக்கு.”

“தளம் மாத்தறதுன்னா கீழ வர்றதுங்க!” என்றார். குரல் உடைந்துவிட்டது. “இந்த நாலாம் நம்பர் ஊட்டுக்குங்க. எங்க ஊட்ட வாடகைக்கு விட்டுட்டு இதுக்கு வர்றதாப் பேசியிருந்தனுங்க. சங்கத்து லெட்டரோட முப்பத்தொண்ணுக்குள்ள வந்தாத் தர்றேன்னாருங்க அந்த மஸ்கட்காரரு. மேல குடிவர்றவங்க சத்தம் உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னுதான் ரப்பர் போடச் சொல்றீங்கன்னு நெனச்சோமுங்க. முதல் தளத்துல இருந்து தரைத்தளத்துக்குன்னு தெளிவாத்தானுங்களே எழுதியிருந்தேன்!”

முதல் தளம். தரைத்தளம். எழுதித்தான் இருந்தார்.

“படியில ஏத்தி எறக்க ஆளில்லாம மூணு மாசமா அவரு வெய்யிலயே பாக்கலீங்க” என்றார். கடிதத்தை நான்காக மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு மேலே போய்விட்டார்.

ஏப்ரல் 2, செவ்வாய்

மோட்டார் பழுது. எலக்ட்ரீஷியன் நாளை வருவதாகச் சொல்லியிருக்கிறார். வேறு எதுவும் இல்லை.

ஏப்ரல் 3, புதன்

விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் நான் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். அந்த இரண்டு இடமும் சரியாகத்தான் இருக்கின்றன. தளம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது மொழியின் குறை என்றும் வாதாடலாம். ஆனால் தலைப்பு வைத்தவன் நான்.

மஸ்கட்டுக்குப் போன் செய்தேன். பதினோரு மாத ஒப்பந்தம் போட்டாகிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் மனிதர்.

சாரதா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 5, வெள்ளி

மேலே போனேன். நேற்றே போவதாக இருந்தது, செருப்பு மாட்டிவிட்டுக் கழற்றிவிட்டேன்.

கதவைத் திறந்த டீச்சர் நான் வாயைத் திறக்கும் முன்பே, “சத்தம் வந்துதுங்களா சார்? அவரு எந்திரிக்கவே இல்லீங்களே… குடத்தத்தான் நகத்துனேன். அதுங்கூடக் கேட்டுருச்சுங்களா?” என்றார் பதறிக்கொண்டு.

என்ன மனுஷன் நான்! ஒரு வீட்டில் குடத்தை நகர்த்தப் பயப்பட வைத்திருக்கிறேன்.

சத்தம் வரவில்லை, ஏழாவது விதி செல்லாது, அது நான் கூட்டத்தைக் கேட்காமல் சேர்த்தது என்றேன். மன்னிப்புக் கேட்டேன். அலுவலகத்தில் யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லாததால் சரியாக வரவில்லை. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

உள்ளே பிசியோதெரபி செய்கிற பெண்மணி இருந்தார். கதிர்வேலின் காலை மடக்கி நீட்டிக்கொண்டே, “மார்ச்ல இவரு வாக்கரோட எரநூறு அடி வெச்சாரு சார். மூணு வாரம் படுத்ததுல கால் இறுகிப் போச்சு. விட்டதப் புடிக்கறது கஷ்டம். முழுசா வருமான்னு சொல்ல முடியல” என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. டீச்சர் சொல்லவும் இல்லை.

“நடங்க கதிர்வேல். எவ்வளவு சத்தம் வந்தாலும் பரவாயில்ல” என்றேன். எழுந்து நிற்கப் பார்த்தார். முடியவில்லை. உட்கார்ந்துவிட்டு, “கீழ… ஆளு… இருக்கறாங்க” என்றார். அந்த ஆள் நான்தான் என்று அவருக்குத் தெரிந்ததா தெரியவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

சாப்பிடும்போது சாரதா சொன்னாள்: “நம்மூடு கீழதான இருக்குது.”

“இருந்தா?”

“அவங்களுக்குக் கீழ் ஊடு வேணும். நமக்கு எந்த ஊடா இருந்தா என்ன?”

என்ன பேச்சு இது! இருபத்திரண்டு வருடம் இருந்த வீடு. வாசலில் இறங்கினால் மண், செம்பருத்தி, மாலையில் நாற்காலி போட்டு உட்கார இடம். என் முழங்கால் வேறு சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

“சரீங்க. உங்க முழங்கால் மட்டும் எம்பத்தஞ்சு வயசு வரைக்கும் நல்லா இருக்கட்டும்” என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று மாலை வரை யோசித்தேன்.

ஏப்ரல் 8, திங்கள்

காலை 6.10. சத்தம் இல்லை. 6.50 வரை பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 10, புதன்

எங்கள் வீட்டிலிருந்து மேல்வீட்டுக்கும், மேல்வீட்டார் இங்கும் மாறிக்கொள்ள வரைவு ஒப்பந்தம் எழுதினேன். அவரவர் சொத்து அவரவருக்கே, குடியிருப்பது மட்டும் மாறும். இது பிராயச்சித்தம், அது இது என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. செயலாளர் முதல் தளத்தில் இருந்தால் எல்லா வீட்டையும் கவனிக்க வசதி. நிர்வாகக் காரணம்தான்.

சாரதா படித்துப் பார்த்துவிட்டு, “நிர்வாகக் காரணமுங்களா!” என்றாள். ஒன்றாம் தேதிக்குப் பிறகு இன்றுதான் சிரித்தாள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரைக் கனி. பாயசத்தோடு இருவரும் மேலே போனோம்.

டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை. “வேண்டாமுங்க. எங்களுக்காக நீங்க எதுக்கு ஊட்ட விடறீங்க? வேற எடம் பாத்துட்டுத்தான் இருக்கறோம்” என்றார். குரலில் கோபம் இருந்தது. இருக்கத்தான் செய்யும். நான் ஒப்பந்தத்தின் ஷரத்துகளை ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்தேன். மூன்றாவது ஷரத்தில் சாரதா குறுக்கே வந்தாள்.

“லோகா, இவரு பண்ணுன தப்பு எனக்கும் சேத்துத்தான். தெனமும் காலைல மேல சத்தம் வருதான்னு காதத் தீட்டிட்டு உக்காந்திருக்கறாரு. சரியாத் தூக்கமில்ல. நீ கீழ வந்தீன்னா உன்ற புருசனுக்கு மட்டுமில்ல, என்ற புருசனுக்கும் நல்லது.”

இப்படியா போட்டு உடைப்பாள்! டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு பாயசத்தை வாங்கிக் கதிர்வேலுக்கு ஊட்டினார்.

ஏப்ரல் 22, திங்கள்

வீடு மாறினோம். பட்டறைக் கூட்டாளிகள் எட்டுப் பேர் வந்து பீரோவையும் கட்டிலையும் ஏற்றி இறக்கினார்கள். பாத்திரங்களைச் சாரதா யாரையும் தொடவிடவில்லை. மாலையில் நான்கு பேர் கதிர்வேலை நாற்காலியோடு தூக்கிப் படியிறக்கினார்கள். வாசலில் இறக்கி வைத்ததும் உள்ளே போக மாட்டேன் என்று கையை ஆட்டினார். இருட்டும்வரை செம்பருத்திப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

நான் படி ஏறி வந்தேன். பதினெட்டுப் படி. முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 24, புதன்

இந்த வீட்டில் ஒரு விசித்திரம். நாங்கள் நடப்பது எங்களுக்கே கேட்பதில்லை. சமையலறை, குளியலறை வாசல், கட்டிலுக்கு அடியில்கூட ரப்பர். ஓரங்களை அவ்வளவு சுத்தமாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். சாரதா எப்போது பின்னால் வந்து நிற்கிறாள் என்று தெரிவதில்லை. இரண்டு தடவை திடுக்கிட்டேன்.

நாங்கள் இருவரும் குதிகாலைத் தூக்கித்தான் நடக்கிறோம். பேச்சைக்கூடக் குறைத்துக்கொண்டோம். கீழே இருப்பவர்களுக்கு இனிமேலாவது ஒரு தொந்தரவும் இருக்கக் கூடாது. கீழேயிருந்தும் ஒரு சத்தமும் இல்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

காலையில் டீச்சர் படியேறி வந்தார். வாசலிலேயே நின்றார். “அண்ணா, தப்பா நெனைக்கலீனா ஒண்ணு கேக்கோணும்” என்றார். இதுவரை சார் என்றுதான் கூப்பிடுவார்.

“சொல்லுங்க டீச்சர். சத்தம் கேட்டுதுங்களா? நாங்க எவ்வளவோ மெதுவாத்தான்…”

“அதாங்ணா பிரச்சினையே. ஒரு சத்தமும் வர்றதில்லீங்க. வந்த நாள்லருந்து அவரு மேல அண்ணாந்து பாத்துட்டே படுத்திருக்கறாரு. ‘போயிட்டாங்களா’ன்னு கேக்கறாரு. மேலதான் இருக்கறாங்கன்னா நம்ப மாட்டேங்கறாரு. ‘சத்தமே இல்லியே. என்னால ஊட்ட விட்டே போயிட்டாங்க’ன்னு அழுகறாருங்ணா. நடக்கச் சொன்னா, இனி எதுக்குன்னு தலையத் திருப்பிக்கறாரு.”

நான் காலடியில் இருந்த ரப்பரைப் பார்த்தேன்.

“நீங்க சும்மா நடக்கறாப்பல நடந்தாப் போதுமுங்க. கொஞ்சம் கேக்கறாப்பல” என்றார்.

அவர் இறங்கிப் போனதும் கூடத்து ரப்பரை ஓரத்திலிருந்து பெயர்த்தேன். அவ்வளவு பசை. கத்தி வைத்துக் கீறி, இரண்டு பேருமாகப் பிடித்து இழுத்துச் சுருட்டினோம். கீழே பழைய மொசைக் அப்படியே இருந்தது. பீரோவின் அடியிலிருந்து அலுவலகத்துக்குப் போட்டுப்போன தோல் ஷூவை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டேன். வேட்டியும் ஷூவுமாக என்னைப் பார்த்துச் சாரதா சிரித்தாள். சிரிக்கட்டும்.

ஜன்னலிலிருந்து வாசல் வரை பதினான்கு அடி. திரும்பி வந்தால் இன்னொரு பதினான்கு. குதிகாலை நன்றாக ஊன்றி நடந்தேன். குமாரசாமி வீட்டில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். புகார் வந்தால் எழுத்துமூலம் கொடுக்கச் சொல்ல வேண்டியதுதான். சாரதா பால்கனிக் கம்பியில் சாய்ந்து கீழே காது கொடுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கையைத் தூக்கி என்னைப் பார்த்து, “நிக்காதீங்க, நடங்க, நடங்க!” என்றாள்.

கீழே டக் என்று ஒரு சத்தமும் ஒரு இழுப்பும், பிறகு இன்னொரு டக்கும் கேட்டதாகச் சொல்கிறாள். நான் நடந்துகொண்டிருந்ததால் எனக்குக் கேட்கவில்லை.